18 வயதைத் தாண்டியவர்களுக்கான பகல்நேர மையம்: நாள் முழுக்க என்ன செய்ய வைப்பது?

காவிரிக்கரை, கும்பகோணம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர்களுக்காக எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பகல்நேர மையம் தொடங்குகிறோம். சிறப்புப் பள்ளி 18 வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் போக்கிடம் இல்லை, வீட்டில் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வீட்டின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, பின்கட்டில் கிணறும் கழிப்பறையும். வரப்போகிறவர்கள் 12 பேர், வயது 19 முதல் 41 வரை. மூவருக்குப் பேச்சு இல்லை. இருவருக்கு வலிப்பு உண்டு. ஒருவர் சக்கர நாற்காலி. ஆட்டிசம் உள்ள ஒருவர் கதவு திறந்திருந்தால் வெளியே ஓடிவிடுவார். 41 வயதுக்காரருக்கு டவுன் சிண்ட்ரோம். ஒரு சிறப்பாசிரியையும் இரண்டு உதவியாளர்களும் ஏற்பாடாகியிருக்கிறார்கள்.

9.30 முதல் 3.30 வரை நேரத்தை எப்படிப் பிரிப்பது? மெழுகுவர்த்தி, பினாயில், பேப்பர் கவர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதில் இறங்கலாம்? உடல்நலத்தில் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்? என்னென்ன பதிவு, என்னென்ன தாள் வேண்டும்? நடத்திய அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சிறப்பாசிரியை, மதுரை எழுதியது:

வணக்கம் சார். கால அட்டவணையைக் கடைசியில் போடுங்கள். 12 பேரும் எதைத் தாங்களே செய்கிறார்கள், எதில் கை பிடிக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துக் குறிக்கவே முதல் இரண்டு வாரம் சரியாகப் போய்விடும். உங்கள் ஆசிரியைக்கு எம்டிபிஎஸ் பழக்கமாக இருக்கும். மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்று சென்னையில் உருவான மதிப்பீட்டுப் படிவம் அது, 18 பிரிவுகளில் 360 செயல்கள். பெரியவர்களுக்கென்றே செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் தயாரித்த பேசல்-எம்ஆர் படிவமும் இருக்கிறது. எதை எடுத்தாலும் கண்ணால் பார்த்து நிரப்ப வேண்டும். அம்மாவிடம் கேட்டு நிரப்பினால் "சாப்பிடத் தெரியும்" என்று வந்துவிடும். பிசைந்து கொடுத்ததைச் சாப்பிடுகிறாரா, சாம்பாரைத் தானே ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறாரா என்பது மதியம் தட்டு முன்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு ஆளுக்கு மூன்று இலக்கு, மூன்று மாதத்துக்கு. "சுத்தமாக இருப்பார்" என்று எழுதினால் எட்டினாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "கழிப்பறை போய் வந்ததும் யாரும் சொல்லாமலே சோப்புப் போட்டுக் கை கழுவுவார், ஐந்து நாளில் நான்கு நாள்" என்று எழுதுங்கள். மூன்றில் ஒன்றாவது அவரே ஆசைப்படுகிற காரியமாக இருக்கட்டும். போனில் பாட்டுப் போடக் கற்றுக்கொள்வதும் நல்ல இலக்குதான்.

35 வயதுக்காரரை உட்கார வைத்து "நிலா நிலா ஓடி வா" சொல்ல வைக்காதீர்கள். எண் தெரிய வேண்டுமானால் பத்து ரூபாய்த் தாளையும் இருபது ரூபாய்த் தாளையும் பிரித்து வைக்கட்டும். எழுத்து தெரிய வேண்டுமானால் "ஆண்கள்", "பெண்கள்", "ஆபத்து", தன் ஊர்ப் பேருந்தின் பெயர்ப்பலகை, இவைதான் அவருக்குப் பயன்படும். கற்றுக்கொடுக்கிற பொருள் வயதுக்கு ஏற்றதாக இருந்தால் வெளியாட்களும் அவரைப் பெரியவராகப் பார்ப்பார்கள்.

நேரப் பிரிவு ஏறக்குறைய இப்படி இருக்கலாம். வந்ததும் பையைத் தன் கொக்கியில் மாட்டி, தன் போட்டோவை "வந்தவர்" பலகைக்கு மாற்றுவது. இதுவே வருகைப் பதிவு. 20 நிமிடம் நடை அல்லது உடற்பயிற்சி. 10.15 முதல் 11 வரை முதல் வேலை. அடுத்து டீ. கடையில் வாங்காதீர்கள், முறை வைத்து இருவர் போடட்டும். 11.30 முதல் 12.15 வரை இரண்டாவது வேலை. மதியம் இலை போடுவது, பரிமாறுவது, தட்டு கழுவுவது எல்லாம் பயிற்சி நேரம்தான், இடைவேளை என்று நினைத்து உதவியாளரே செய்து முடித்துவிடக் கூடாது. 2 மணிக்கு மேல் தனித்தனி இலக்குகள். 3 மணிக்குப் பெருக்கி, பொருள்களை எடுத்து வைத்துக் கிளம்பத் தயாராவது. வாரத்தில் இரண்டு நாளாவது நான்கு நான்கு பேராக மார்க்கெட், தபால் நிலையம், கோயில் என்று வெளியே கூட்டிப் போங்கள். காசை அவர்கள் கையால் கொடுக்கட்டும்.

மையங்களில் சலிப்பு வருவது பெரும்பாலும் வேலை பிடிக்காமல் அல்ல, காத்திருப்பதால். 12 பேரையும் வட்டமாக உட்கார வைத்து ஒருவர் மணி கோர்க்க, மற்ற 11 பேரும் பார்த்துக்கொண்டிருப்பது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. நான்கு பேர் கொண்ட மூன்று குழு போதும். அதிக உதவி தேவைப்படுகிறவர்களை எல்லாம் ஒரே குழுவில் ஒதுக்காதீர்கள், அந்தக் குழு மூலையில் போய் நின்றுவிடும்.

மூன்று பணியாளர் போதாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்வர ஒருவருக்கு 15 நிமிடமாவது ஆகும், தூக்கி மாற்ற வேண்டுமானால் இருவர் தேவை. அந்த நேரம் மீதி 11 பேரோடு ஒரே ஆள்தான் இருப்பார், அவர்களில் ஒருவர் ஓடுகிறவர். 10 மணி முதல் 2 மணி வரைக்காவது நான்காவது ஆள் வையுங்கள்.

தொழிற்கூடம், கோவை எழுதியது:

ஆசிரியை மேடம் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. மதிப்பீடு முடியும்வரை வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் வாரமே ஏதாவது ஒரு எளிய வேலையைக் கையில் கொடுங்கள். எவ்வளவு நேரம் உட்காருகிறார், எந்தக் கையை முதலில் நீட்டுகிறார், பசை விரலில் பட்டால் முகம் சுளிக்கிறாரா என்பதெல்லாம் படிவத்தில் வராது, வேலை மேசையில்தான் தெரியும்.

எதில் இறங்கலாம் என்ற கேள்விக்கு: பினாயில் வேண்டாம். கரைக்கிற மூலத்திரவம் தோலை எரிக்கும், வாசனை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, எதையும் வாயில் வைக்கிறவர் ஒருவர் இருந்தாலே ஆபத்து. மெழுகுவர்த்தி செய்யலாம். ஆனால் மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். உருக்குவதும் ஊற்றுவதும் பணியாளர் வேலை. திரி கோர்ப்பது, அச்சைத் திறப்பது, எண்ணிப் பெட்டியில் அடுக்குவது இவர்கள் வேலை. பாக்குமட்டைத் தட்டு இயந்திரத்தில் சூடான அச்சு அழுத்தும், வலிப்பு உள்ளவர்களை அதன் பக்கத்தில் நிறுத்தவே கூடாது.

தொடங்குவதற்குப் பேப்பர் கவர் நல்லது. முதலீடு குறைவு, கெட்டாலும் ஒரு தாள்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் மருந்துக் கடை, பேன்சி ஸ்டோர், நாட்டு மருந்துக் கடையில் கேட்பார்கள். செய்தித்தாள் கவரைப் பஜ்ஜி, போண்டா கடைக்குக் கொடுக்காதீர்கள். அச்சு மை உணவில் ஏறும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைக் கூடாது என்கிறது.

முறையைச் சொல்கிறேன். கவரின் அளவுக்குக் கெட்டி அட்டையில் ஓர் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள், அதுதான் அச்சட்டை. மேசைமேல் இன்னொரு பெரிய அட்டையை ஒட்டி, தாள் எங்கே உட்கார வேண்டும் என்று எல்-வடிவத்தில் இரண்டு மரச்சட்டம் அடியுங்கள். தாளைச் சட்டத்தோடு சேர்த்து வைத்தால் தானாக நேராக நிற்கும், "நேராக வை" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அச்சட்டையை நடுவில் வைப்பது, இடது பக்கம் மடிப்பது, வலது ஓரத்தில் அரை அங்குலம் பசை தடவுவது, வலது பக்கம் மடித்து அழுத்துவது, அடிப்பக்கம் மடித்து ஒட்டுவது, அச்சட்டையை உருவுவது, காய வைப்பது. மொத்தம் எட்டுப் படி. கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். முதலில் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் செய்து, அட்டையை உருவிக் காய வைப்பதை மட்டும் அவர் செய்யட்டும். முதல் நாளே முடிந்த கவர் அவர் கையில் இருக்கும். அது பிடிபட்டதும் அதற்கு முந்தைய படி, அப்படியே பின்னோக்கி.

சொல்லிக்கொடுக்கும்போது வாயை மூடிக்கொள்வதுதான் பணியாளர்களுக்குக் கஷ்டம். "எடு, மடி, ஒட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் குரல் வந்தால்தான் கை நகரும் என்று ஆகிவிடும். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, முழங்கையை லேசாகத் தொடுவது, விரலால் காட்டுவது, சும்மா நிற்பது என்று உதவியைப் படிப்படியாகக் குறையுங்கள். பேச்சு உதவியைக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் சிரமம், அதனால் அதைத் தொடங்காமலே இருப்பது நல்லது.

கெட்டுப்போவது எங்கே என்று கேட்டால், முக்கால்வாசி பசையில்தான். தண்ணியாக இருந்தால் உள்ளே கசிந்து அச்சட்டை கவரோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். அச்சட்டை முழுக்க அகல செல்லோ டேப் சுற்றிவிடுங்கள். மைதாப் பசை பூச்சி பிடிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவது நம் ஊர் வழக்கம். உங்கள் மையத்தில் அது கூடவே கூடாது, விஷம். அன்றன்றைக்கு வேண்டிய பசையை அன்றன்றைக்கே காய்ச்சுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கைப்பிடி இறுக்கமாக இல்லாதவருக்கு பிரஷ்ஷின் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுங்கள். ஒரு கையால் மட்டும் வேலை செய்பவருக்குத் தாளை அழுத்திப் பிடிக்க ஒரு கனமான மரக்கட்டையும், மேசையில் வழுக்காத ரப்பர் விரிப்பும் போதும்.

எண்ணத் தெரியாதவரும் எண்ணிக்கை பார்க்கலாம். பத்துப் பள்ளம் உள்ள பலகை ஒன்று செய்யுங்கள். பள்ளத்துக்கு ஒன்றாக நிறைந்ததும் கட்டி ரப்பர் பேண்டு போடுவது, அவ்வளவுதான். அடுத்தவர் கட்டுகளைப் பார்த்துக் கிழிந்ததைக் கழிப்பது தனி வேலை, அதைச் சிலர் மிக நன்றாகச் செய்வார்கள்.

மாலையில் எல்லோரும் போனபிறகு ஆர்டரை முடிக்கப் பணியாளர்கள் உட்கார்ந்து ஒட்டுவது என்று ஆரம்பித்துவிட்டால் அந்த மையம் கவர் கம்பெனி ஆகிவிடும். முடிகிற அளவுக்கே ஆர்டர் வாங்குங்கள். கடைக்காரரிடம் பரிதாபம் காட்டி விற்க வேண்டாம், தீபாவளிக்கு ஒருமுறை வாங்கிவிட்டு நிறுத்திவிடுவார். அளவும் தரமும் மாறாமல் மாதாமாதம் கொடுத்தால் தொடருவார். பணத்தை ஆளுக்கு எத்தனை கவர் என்ற கணக்கின்படி, அவரவர் பெயர் எழுதிய உறையில், அவரவர் கையில் கொடுங்கள். வேலை செய்ய முடியாதவர் டீக்குத் தம்ளர் எடுத்து வைத்தாலும் அதற்கும் ஒரு தொகை உண்டு என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிசியோ, திருச்சி எழுதியது:

உடல்நலப் பக்கம் நான் சொல்கிறேன். இருவருக்கு வலிப்பு என்றால் என்றாவது ஒருநாள் மையத்தில் வரும். வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் நாற்காலி, மேசையை நகர்த்தி, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். வெட்டுகிற கை காலைப் பிடித்து அழுத்தக் கூடாது. கையில் சாவிக்கொத்து, இரும்பு கொடுப்பதால் எதுவும் நிற்காது. வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் கூடாது. வெட்டு அடங்கியதும் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வரட்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, தண்ணீரில் விழுந்தோ தலையில் அடிபட்டோ இருந்தாலோ 108ஐ அழையுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரேயை அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை முறை, எப்போது என்று அவர் கைப்பட எழுதிய தாளோடு சேர்த்து மையத்தில் வையுங்கள்.

வலிப்பு வந்ததற்குக் காரணம் தேடினால் முதலில் காலை மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள், அடுத்து இரவு தூங்கினாரா, காய்ச்சல் இருக்கிறதா என்று. மையத்தில் கொடுக்கிற மாத்திரை கடை ஸ்டிரிப்பிலேயே வர வேண்டும், காகிதத்தில் மடித்துத் தரும் உதிரி மாத்திரையை வாங்காதீர்கள். கொடுத்தவர் ஒரு கையெழுத்து, பார்த்தவர் ஒரு கையெழுத்து. பினிடாயின் என்ற வலிப்பு மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு ஈறு வீங்கும், மெல்லச் சிரமப்படுவார்கள். அடம்பிடித்துச் சாப்பிட மறுக்கிறார் என்று எழுதுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள்.

சாப்பாட்டு நேரம் நிறையப் பேர் கவனிக்காத இடம். மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு முதுகு நேராக, பாதம் பலகைமேல், மோவாய் சற்றே கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்குவார், சோறு மூச்சுக்குழாய்க்குள் போக வழியாகிவிடும். ஸ்டூல் போட்டு அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். தம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் ஊற்றுவது நம் பழக்கம், விழுங்குவதில் சிக்கல் உள்ளவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். ஆளுக்குத் தனித் தம்ளர், வாய் வைத்துக் குடிக்கட்டும். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள். சாப்பிடும்போது இருமுவது, குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, இவை இருந்தால் விழுங்கும் பயிற்சி தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தில் இதற்கெல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பார்கள்.

சக்கர நாற்காலிக்காரரை அரைமணிக்கு ஒருமுறை இடம் மாற்றி உட்கார வைத்து அழுத்தம் குறையுங்கள், பின்புறம் சிவந்திருக்கிறதா என்று தினம் ஒருமுறை பார்க்க வேண்டும். சாய்தளம் 1க்கு 12: வாசற்படி 6 அங்குலம் உயரம் என்றால் 6 அடி நீளம். கழிப்பறைக் கதவு திறந்தபின் 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பழைய வீட்டில் பெரும்பாலும் இருக்காது, வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டுங்கள், மூடி மட்டும் போதாது.

41 வயதுக்காரரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோமில் தைராய்டு குறைவது சாதாரணம், வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். கழுத்து எலும்பின் மேல் மூட்டு சிலருக்குத் தளர்ந்திருக்கும். யோகா ஆசிரியர் வந்தால் சிரசாசனம், சர்வாங்காசனம், குட்டிக்கரணம் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 40க்கு மேல் தெரிந்த வேலையை மறப்பது, மந்தமாவது தொடங்கினால் "வயசாகிவிட்டது" என்று விடாதீர்கள். தைராய்டு, காது கேட்கும் திறன், கண்புரை, மனச்சோர்வு இவற்றை முதலில் பாருங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால் மறதிநோய்க்காக நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், இவர்களுக்கு அது மற்றவர்களைவிட இளம்வயதிலேயே வரும்.

பெண்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மாதவிடாய்த் தேதியைக் குறிக்கிற நாட்காட்டி, மாற்று உடை, நாப்கின் மையத்திலேயே வேண்டும். அந்த நாளில் வீட்டுக்கு அனுப்புவது கூடாது. நாப்கின் மாற்றுவதையும் கவர் மடிப்பது மாதிரியே படி படியாகக் கற்றுக்கொடுக்கலாம், நிறையப் பேர் கற்றுக்கொள்கிறார்கள்.

காவிரிக்கரை, கும்பகோணம் எழுதியது:

மிக்க நன்றி. நான்கு பெண்கள் வருகிறார்கள், எழுத விட்டுப்போனது. இன்னொரு கேள்வி மேடம். ஓடுகிற தம்பி தனியாக இருந்தால் அமைதியாகத்தான் இருப்பான். ஆனால் சோதனையாகக் கூட்டிவந்த நாட்களில் 11.30 வாக்கில் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவரை அடித்தான். முறுக்கு கொடுத்து வெளியே உட்கார வைத்தால் அடங்குகிறான். இதைத் தொடரலாமா?

சிறப்பாசிரியை, மதுரை எழுதியது:

தொடர வேண்டாம் சார். அடித்தால் முறுக்கும் கிடைக்கும், இரைச்சலிலிருந்து விடுதலையும் கிடைக்கும் என்று அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்தமுறை இன்னும் சீக்கிரமாக அடிப்பார்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முன்னால் என்ன நடந்தது, அவர் செய்தது என்ன, பின்னால் மற்றவர்கள் என்ன செய்தார்கள். "கோபமாக இருந்தார்" என்று எழுதக் கூடாது. "மிக்ஸி ஓடியது, காதைப் பொத்தினார், எழுந்தார், இடது கையால் முதுகில் அடித்தார்" என்று எழுதுங்கள். நேரமும் போடுங்கள். இரண்டு வாரத்தில் காரணம் தானாகத் தெரியும். 11.30, காது என்கிறீர்கள். சமையலறையில் அப்போது மிக்ஸியோ குக்கரோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அரைக்கிறதை 9 மணிக்கே முடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டீ முடிந்து அடுத்த வேலைக்கு மாறுகிற நேரம் என்பதும் காரணமாக இருக்கலாம். மாற்றம் வருவது தெரியாமல் வந்தால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அது பெரிய பதற்றம். அன்றைய வேலைகளின் போட்டோக்களை வெல்க்ரோவில் மேலிருந்து கீழாக ஒட்டி, முடிந்ததை அவரே எடுத்து "முடிந்தது" டப்பாவில் போடட்டும்.

அடிப்பதற்குப் பதிலாக வெளியே போகிறேன் என்று சொல்ல ஒரு வழி அவருக்கு வேண்டும். வெளித் திண்ணையின் போட்டோவை அட்டையாக்கி அவர் மேசையிலேயே வையுங்கள். காதைப் பொத்துகிற நிமிடத்திலேயே, அடிப்பதற்கு முன்பே, உதவியாளர் பின்னால் நின்று அவர் கையால் அட்டையை எடுத்துக் கொடுக்க வைத்து, உடனே திண்ணைக்குக் கூட்டிப் போகட்டும். ஐந்து நிமிடம், பிறகு திரும்பி வந்து ஒரே ஒரு கவராவது முடிப்பது. ஆரம்பத்தில் ஒரு நாளில் இருபது தடவை கேட்டாலும் இருபது தடவையும் கொடுங்கள். கேட்டால் கிடைக்கும் என்று நம்பிக்கை வந்தபிறகுதான் "இதை முடித்துவிட்டுப் போகலாம்" என்று இழுக்க முடியும். திடீரென்று புதிதாக அடிக்கத் தொடங்கியவர் என்றால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் மூன்றையும் பார்க்காமல் நடத்தைப் பிரச்சினை என்று பெயர் வைக்காதீர்கள். பேச்சில்லாதவர்கள் வலியை இப்படித்தான் சொல்வார்கள்.

கதவைப் பூட்டி வைப்பதும் தீர்வல்ல, தீ பிடித்தால் 12 பேரும் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். உள்ளிருந்து பணியாளர் எளிதாகத் திறக்கக்கூடிய தாழ்ப்பாளை உயரத்தில் வைத்து, கதவில் மணி கட்டுங்கள். கழுத்து அட்டையைக் கழற்றிப் போடுகிறவர் என்றால் சட்டையின் உள்பக்கம் போன் எண்ணைத் தைத்துவிடுங்கள். அண்மையில் எடுத்த போட்டோ ஒன்று மையத்திலும் காவல் நிலையத்திலும் இருக்கட்டும். ஓடுகிறவர் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் ஓடுவார், தண்ணீர் பிடித்தவராக இருந்தால் முதலில் தேட வேண்டியது ஆற்றங்கரையிலும் குளத்தடியிலும்.

ஆவண வேலை, சென்னை எழுதியது:

தாள் வேலையைச் சொல்கிறேன். அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 50ன்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தப் பதிவுச் சான்று வேண்டும். தஞ்சாவூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் கேட்பார்கள், வாடகை வீட்டில் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமல் இவை நகராது. சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் உங்கள் ஆசிரியையின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதியாகியிருப்பது ஆய்வுக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியும்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999ன் கீழும் பதியுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் அது பொருந்தும். பகல்நேர மையங்களுக்கான திஷா-கம்-விகாஸ் திட்டத்தில் விகாஸ் பகுதி 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அந்தப் பணத்தை நம்பி வாடகையும் சம்பளமும் திட்டமிடாதீர்கள், ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். மிகப் பெரிய செலவு சம்பளமும் வேனும்தான், கவர் வருமானத்தை அதற்குத் தொடவே கூடாது.

12 பேருக்கும் யூடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) நிரமயா மருத்துவக் காப்பீடும் இருக்கிறதா என்று பாருங்கள். நிரமயா வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபி செலவும் அதில் வரும். வருடாவருடம் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள், அதனால் 12 பேரின் தேதியையும் மையத்துச் சுவரில் எழுதி வையுங்கள். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023லிருந்து மாதாமாதம் 2,000 ரூபாய். பயிற்சி மையத்துக்குப் போய்வர அரசுப் பேருந்தில் இலவசப் பயணச் சலுகையும் உண்டு, மையத்தின் பதிவு வந்ததும் அதற்கான சான்றை நீங்கள் தர வேண்டியிருக்கும்.

18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் அல்ல. தேவைப்படுகிறவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நியமனம் ஆனபின் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். நிறையக் குடும்பங்கள் ஆணையை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் பாதுகாவலர் வேண்டும் என்பதில்லை. தன் பணத்தை உதவியோடு கையாளக்கூடியவருக்கு அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கும், கூட ஒருவர் துணையும் போதும்.

பணியாளர் எல்லோருக்கும், வேன் ஓட்டுநர் உட்பட, காவல்துறைச் சரிபார்ப்பு. கழிப்பறை உதவியை யார் யாருக்குச் செய்கிறார் என்று எழுதி வையுங்கள், பெண்களுக்குப் பெண்தான். வேனில் ஓட்டுநர் மட்டும் இருந்து ஒருவரைத் தனியாகக் கொண்டுவிடுவது எந்த நாளும் கூடாது, கடைசியாக இறங்குகிறவர் வரை உதவியாளர் கூட இருக்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லவும், வீட்டில் வந்து சொல்லவும் 12 பேருக்கும் கற்றுக்கொடுப்பதை முதல் மாத இலக்கிலேயே சேர்த்துவிடுங்கள். பேச்சில்லாத மூவருக்கு அதற்கென்று தனிப் பட அட்டை வேண்டும், உடல் உறுப்புகளின் படமும் அதில் இருக்கட்டும்.